மனைபுகுந்த வாயில்லா உயிர்கள்

வருசநாட்டு மலைகளில் தோன்றி இறங்கிவரும் வையையாற்றின் கரைப்பகுதியில் அமைந்த ஊர் மயிலாடும்பாறை. ஊர்ப்பெயரே ஓர் உயிரின் ஆட்டத்தைச் சொல்லுகின்றது. முருகப்பெருமானுக்கு ஊர்தியாகிய மயில் இன்றும் விடியற்போதில் இப்பகுதிக் கொல்லைகளில் வந்து மேய்வதைக் காணலாம். திருக்கோயிலில் மயில்வாகனத்தைக் கண்டு கைகூப்பி வருகின்ற அன்பரே, தம் கொல்லையில் அம்மயிலைக் கண்டவுடன் கல்லெடுப்பதும் உண்டு. பைரவர் சந்நிதியில் நாயூர்தியை வலம்வந்து வணங்கியவர், வீடு திரும்பியதும் திண்ணையிற் படுத்திருக்கும் நாயின்மேல் வெந்நீரை ஊற்றுவதும் உண்டு. அவரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவ்வாறு செய்தவருள் அடியேனும் ஒருவன். அதனைப் பின்னர்ச் சொல்லுவேன்.

மார்கழி மாதச் சொற்பொழிவு ஒன்று முடிந்தபின் அன்பர் ஒருவர் அருகே வந்து வினவினார்: “ஐயா, தெருநாய் வீட்டுக்குள் நுழைகிறது. பக்கத்துத் தெரு ஆடு கீரைப்பாத்தியைத் தின்றுவிட்டுப் போகிறது. யாருடையது என்றே தெரியாத கன்று ஒன்று வாசலில் வந்து படுக்கிறது. அடித்துத் துரத்தினால் பாவம் என்கிறீர்கள். துரத்தாவிட்டால் நட்டம் எங்களுக்கு. நூல்கள் இதற்கு என்ன வழி சொல்லுகின்றன?” பொருத்தமான வினா. அன்று பொழுதாகிவிட்டமையால் இரண்டொரு சொல்லில் விடை கூறினேன். அவ்விடையை இங்கே விரித்து எழுதுகின்றேன்.

மகாபாரதம் எங்கே தொடங்குகின்றது என்று கேட்டால், கங்கையையும் சந்தனுவையும் சொல்வார் பலர். பாம்பு வேள்வியைச் சொல்வார் சிலர். வியாசர் பாரதத்து ஆதிபருவத்தில், பாம்பு வேள்விக்கும் முன்னதாக ஒரு நாய்க்குட்டியின் வரலாறு வருகின்றது. பரீட்சித்தின் மகனாகிய சனமேசயன் தன் தம்பியர் மூவருடன் குருச்சேத்திரத்தில் நெடுநாள் வேள்வி ஒன்று இயற்றிக்கொண்டிருந்தான். அவ்வேள்விக்களத்துள் ஒரு நாய் நுழைந்தது. தம்பியர் அதனை அடித்தனர். அது கதறிக்கொண்டு தன் தாயாகிய சரமையிடம் ஓடிற்று. சரமை தேவர்களின் நாய்.

தாய் என்ன கேட்டாள் என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டும். அடித்தவர்களை அவள் உடனே வையவில்லை. “யார் அடித்தார்?” என்று வினவி அறிந்தபின், “நீ ஏதேனும் தவறு செய்திருப்பாய், அதனால் அடித்திருப்பர்” என்றாள். குட்டியோ, “நான் ஒரு தவறும் செய்யவில்லை, அவிப்பொருளை நோக்கவுமில்லை, நக்கவுமில்லை” என்றது. அதன்பின்னரே சரமை வேள்விக்களத்துக்குச் சென்று நியாயம் கேட்டாள். அங்கிருந்தோர் எவரும் வாய்திறந்து மறுமொழி கூறவில்லை. “பிழை செய்யாத என் மகனை அடித்தீர், ஆதலின் நீங்கள் எதிர்பாராத அச்சம் உங்களை வந்தடையும்” என்று சொல்லிப் போயினாள். அச்சொல்லைக் கேட்டுக் கலங்கிய சனமேசயன், அதனைத் தீர்க்கவல்ல புரோகிதரைத் தேடி அலைந்தான் என்று நூல் தொடர்கின்றது. ஓராயிரம் கதை சொல்லவிருக்கும் பெருநூல், வாயிலில் நுழைந்த ஒரு நாயை அடித்த கதையை முன்வாசலிலேயே வைத்திருப்பது காரணமின்றி இராது.

தவறு செய்த உயிரைத் தடுக்கவே கூடாது என்று இக்கதை சொல்லவில்லை. அவிப்பொருளை நக்கியிருந்தால் சரமை வழக்காட வந்திருக்கமாட்டாள் என்பது அவள் வினாவிலேயே விளங்கும். நுழைந்தது ஒன்றையே குற்றமாகக் கொண்டு அடித்ததுதான் பிழையாயிற்று. வேலி, எல்லை, பட்டா என்பன நமக்குத் தெரியும். நாய்க்கும் ஆட்டுக்கும் கன்றுக்கும் அவை தெரியா. அறியாது வந்ததை அறிந்து செய்த குற்றமாக எண்ணித் தண்டித்தல் முறையன்று.

இராமாயணத்து உத்தரகாண்டத்திலும் இதனையொத்த ஒரு வரலாறு உண்டு. பிற்சேர்க்கையாகக் கருதப்பெறும் சருக்கங்களில் அது காணப்படுகின்றது. தலையுடைந்த நாய் ஒன்று இராமபிரானின் அரண்மனை வாயிலில் வந்து முறையிடக் காத்து நின்றது. அழைத்தபோதும், “அரண்மனையிலும் திருக்கோயிலிலும் எம்போல்வார் இசைவின்றிப் புகலாகாது” என்று தயங்கி, அரசன் ஆணை கிடைத்தபின்னரே உள்ளே சென்றது. சருவார்த்தசித்தன் என்னும் அந்தணத் துறவி குற்றமின்றித் தன்னை அடித்ததாகக் கூறிற்று. துறவியை அழைத்துக் கேட்டனர். அவன் பொய் சொல்லவில்லை. “பிச்சை கிடைக்காமல் பசியோடு வந்தேன், வழியில் படுத்திருந்தது, விலகு என்றேன், மெல்ல விலகிற்று, சினத்தால் அடித்துவிட்டேன்” என்று ஒப்புக்கொண்டான். நாம் வாயில்லா உயிர்களை அடிக்கும் காரணமும் பெரும்பாலும் இதுவே அன்றோ? அலுவலகத்தில் ஒருவர்மேல் வந்த சினம், வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாயின்மேல் இறங்குகின்றது.

துறவிக்குத் தண்டனை யாது என்று அவையோர் ஆராய்ந்தபோது, காலஞ்சரத்து மடத்துக்கு அவனைத் தலைவனாக்க வேண்டும் என்று நாயே வேண்டிற்று. அவனும் யானைமேல் ஏறி மகிழ்ந்து சென்றான். அமைச்சர்கள், “இது தண்டனையா, பரிசா?” என்று வியந்தனர். நாய் சொல்லிற்று: “முற்பிறப்பில் அம்மடத்துக்குத் தலைவனாக இருந்தவன் நானே. விழிப்பாக இருந்தும் நாயாகப் பிறந்தேன். சினம் மிக்க இவன் எந்நிலை அடைவான் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.” அறநிலையத்தார் வெளியிடும் நூலில் இக்கதையை எழுதலாமோ என்று சற்றே தயங்கினேன். தெய்வத்தின் பொருளைக் காப்போர்க்கு இக்கதை நன்கு தெரிந்திருக்கும் என்பதனால் எழுதிவிட்டேன்.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி. அன்று இல்லத்தில் என் தந்தையார்க்குத் திதி. சமையல் நடந்துகொண்டிருக்க, கொல்லைப்புற வாயில் வழியாகக் கருநிற நாய் ஒன்று உள்ளே வந்து நின்றது. படைப்பதற்கு முன் நாய் புகுந்ததே என்னும் ஆத்திரத்தில், அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்து வீசினேன். முன்னங்காலில் பட்டது. அது குரைக்கவும் இல்லை. மூன்று காலால் நொண்டிக்கொண்டே வெளியேறிற்று.

மாலையில் முதியவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். கோடையில் ஆடுகளை ஓட்டிவந்து ஆற்றங்கரைத் தோட்டங்களில் கிடை போடும் கீதாரி அவர். “வாத்தியாரய்யா, கறுப்பு நாய் ஒண்ணு இங்கிட்டு வந்துச்சுங்களா? நேத்து ராத்திரி கிடையை இடம் மாத்துனோம். அது தெரியாம ஊருக்குள்ள தேடிக்கிட்டுத் திரியுது” என்றார். பேசும்போது உள்ளே வரவுமில்லை. துண்டை இடுப்பிற் கட்டியபடி தெருவிலேயே நின்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொன்னது, “பார்க்கவில்லை” என்பது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து ஆற்றங்கரைப் பக்கம் சென்றபோது அந்நாய் கிடையருகே காலில் துணிக்கட்டுடன் படுத்திருக்கக் கண்டேன். என்னைக் கண்டு எழுந்து விலகிப் படுத்தது. கீதாரியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அங்கேயே சிறிதுநேரம் நின்றேன், சொல்லவில்லை. அடுத்த கோடையில் அவர்கள் அவ்வழி வரவில்லை.

அன்று படைத்தது தந்தையார்க்கான சோறு. இல்லறத்தான் நாள்தோறும் இயற்ற வேண்டிய ஐந்து வேள்விகளுள் உயிர்களுக்கு உணவிடும் பூதவேள்வியும் ஒன்று என்றும், நாய்க்கும் காக்கைக்கும் புழுவுக்கும் உரிய சோற்றை எறியாமல் மெல்ல நிலத்தில் வைக்க வேண்டும் என்றும் தருமநூல் சொல்வதை அன்று காலையிலும் நான் அறிந்தே இருந்தேன். மாணாக்கர்க்குப் பாடம் சொல்லியும் இருந்தேன்.

சேக்கிழார் பெருமான் பாடிய மனுநீதிச் சோழன் வரலாற்றை அறியாதார் இலர். ஆயினும் அதில் ஒரு நுட்பத்தை நாம் எண்ணுவதில்லை. திருவாரூரில் அரசிளங்குமரன் தேரூர்ந்து சென்றது அரச வீதியில். அங்கே துள்ளிவந்து தேர்க்காலிற் பட்டது அறியாத இளங்கன்று. இக்காலத்தவராயின், “கன்று வீதிக்கு ஏன் வந்தது? மாட்டுக்காரன் கட்டிவைத்திருக்க வேண்டும்” என்றே முதலிற் பேசுவர். அமைச்சரும் அந்தணர் வகுத்த கழுவாய் செய்தாற் போதும் என்றே கூறினர். அரசன் அதனை ஏற்கவில்லை. மணியசைத்த பசு தன் நாட்டில் வாழும் உயிர். அதற்கும் தான் காவலன் என்பதே அவன் கொண்ட நிலை. தேரோட்டியவனே கண்ணுங் கருத்துமாகச் செல்ல வேண்டியவன் என்னும் முறை இன்று தேனிச் சாலையில் இருசக்கர ஊர்தியில் விரைவோர்க்கும் பொருந்தும்.

கம்பம் பள்ளத்தாக்கும் வையைக்கரையும் கால்நடையால் வாழ்ந்த நிலங்கள். ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பெற்ற தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் உயிர்நீத்த வீரனுக்கு நட்டது. தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பழைய நடுகற்கள் அவை. மாட்டுக்காக மனிதன் உயிர்விட்டான். அவனுக்குக் கல் நட்டனர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. அதில் வீரனோடு அவனது நாயும் பொறிக்கப்பெற்றிருக்கின்றது. கள்வரை எதிர்த்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன். நாய்க்குப் பெயரிட்டு அப்பெயரைக் கல்லிலும் வெட்டிய மக்கள் நம் முன்னோர்.

கம்பத்து நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத்தொழுவை அன்பர்கள் பலர் கண்டிருப்பர். மாட்டுப்பொங்கலன்று அங்கே திரளும் மக்கள் பட்டத்துக்காளையை வணங்குவர். அம்மந்தையின் பட்டத்துக்காளையை எவ்வாறு தேர்ந்தனர் என்பதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிற் குறித்துள்ளார்: மந்தையின் முன் கரும்புக்கட்டை வைப்பர்; எந்தக் காளை அதிலிருந்து ஒரு கரும்பை இழுக்கின்றதோ அதுவே அடுத்த பட்டத்துக்காளை. நம் கோயில்களில் நுந்தாவிளக்கு எரிக்கத் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்து, அவை சாவாமலும் மூவாமலும் எண்ணிக்கை குறையாது காக்க வேண்டும் என்று கல்வெட்டில் எழுதிவைத்ததும் இம்மரபே. கோயிலுக்குக் கன்றை நேர்ந்துவிட்டு அதன்பின் திரும்பியும் பாராதிருத்தல் இம்மரபில் இல்லை. நேர்ந்துவிடுவோர் அதனைக் காப்பவர் யார், தீவனம் யார் தருவார் என்பதை முதலிற் கேட்டறிதல் வேண்டும். அவிழ்த்துவிட்டதோடு புண்ணியம் வந்துவிடுமென்று எண்ணுவதை அடியேன் ஒப்பமாட்டேன்.

இனி, வினவிய அன்பர்க்கு நேர்விடை. மேய்ந்துவிட்ட ஆட்டையும் மாட்டையும் பற்றி முதலிற் சொல்லுகின்றேன். 1871-ஆம் ஆண்டிலேயே கால்நடை அத்துமீறல் சட்டம் இயற்றப்பெற்றது. பயிரை அழிக்கும் மாட்டைப் பிடிக்க நிலத்துக்குரியவர்க்கு அச்சட்டம் உரிமை தந்தது. பிடித்ததை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பட்டிக்கு அனுப்பவும் சொல்லிற்று. ‘பவுண்டு’ என்று ஊரார் வழங்கியது அப்பட்டியையே. அங்கே அடைபட்ட மாட்டுக்குத் தீவனமும் நீரும் அளிக்க வேண்டும். உரியவர் அச்செலவையும் தண்டத்தையும் கட்டி மீட்க வேண்டும். அயலார் ஆண்டகாலத்துச் சட்டங்கூடக் கையை ஓங்கச் சொல்லவில்லை. பிடித்துக் காப்பில் ஒப்படைக்கவே சொல்லிற்று. மாட்டின் காலை வெட்டுவதும் வாலை அறுப்பதும் மேயும் இடத்தில் மருந்து வைப்பதும் நம் பக்கத்தில் கேள்விப்படாதவை அல்ல. 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதையின் 325-ஆம் பிரிவு, எந்த விலங்கையும் கொல்வோர்க்கும் நஞ்சிடுவோர்க்கும் ஊனமாக்குவோர்க்கும் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கின்றது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ, அடிப்பதை மட்டுமன்றி, வளர்த்த உயிரைத் தெருவில் கைவிடுவதையும் குற்றமாகவே வைத்துள்ளது.

வாசலில் வந்து படுக்கும் கன்று பெரும்பாலும் யாரோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கும் கன்றாகவே இருக்கும். முதலில் நிழலும் நீரும் கொடுங்கள். கழுத்தில் மணியோ, அறுந்த கயிறோ, தாலியோ உண்டா என்று பாருங்கள். இப்போது மாடுகளின் காதில் மஞ்சள் நிற வில்லை ஒன்று பொருத்தியிருப்பர்; அதில் பன்னிரண்டு இலக்க எண் இருக்கும். அவ்வெண்ணைக் குறித்துக்கொண்டு கால்நடை மருந்தகத்திற் சொன்னால், உரியவரைக் கண்டறிய அது துணையாகும். பால்காரரிடமும் தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் ஒரு சொல் சொல்லிவைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். உரியவர் வந்தபின், உண்ட தீவனத்துக்குக் கணக்கு எழுதுவதும் எழுதாததும் அவரவர் மனம். கன்றைத் தராமல் வைத்துக்கொள்ளுதல் மட்டும் களவு. சாத்தனூரில் மூலன் இறந்தபோது அவன் உடலைச் சுற்றி நின்று கதறிய பசுக்களே, திருமூலர் அவ்வுடலிற் புகுந்து எழுந்ததும் மகிழ்ந்து, மாலையில் தத்தம் வீடு சென்று சேர்ந்தன என்று படிக்கிறோம். வழியறிந்த மாடு தானே வீடு சேரும்; உங்கள் வாசலில் நிற்பது வழியறியாதது.

நாயைப் பற்றிச் சொல்லும்போது இரக்கம் ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் துணியவில்லை. வெறிநாய்க்கடி நோய் தோன்றிவிட்டால் பிழைத்தல் அரிதினும் அரிது. குழந்தையை இழந்த தாய்க்குமுன் நின்று பூதவேள்வியைப் பற்றிப் பேச எவர்க்கும் நாவெழாது. எனவே, கடியோ நகக்கீறலோ பட்டால் உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதனையும் அப்பாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்று தடுப்பூசியைத் தொடங்கிக் குறித்த நாள்களில் முழுவதும் போட்டுக்கொள்ளுங்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவதைக் கட்டிக்கொள்ளலாம். ஊசிக்கு மாற்றாக அதனைக் கொள்ளலாகாது. இந்நோய்க்குத் தடுப்பூசி ஆக்குவதற்கென்றே நம் நீலகிரிக் குன்னூரில் 1907-ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிறுவனம் ஏற்பட்டது. கடித்த நாய் கண்காணிப்பில் வைக்கத்தக்கதாயின் பத்து நாள் அதனைக் கவனிப்பது வழக்கம்; அந்தப் பத்து நாளும் ஊசிக்காகக் காத்திருக்கக் கூடாது. கூட்டங்கூடி அந்நாயை அடித்துக் கொன்றுவிட்டால் அது நோயுற்றதா என்று அறியும் வழியும் போய்விடும்.

2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசியும் இட்டு, பிடித்த இடத்திலேயே விடுமாறு கூறின. 2025 ஆகஸ்ட் 22-இல் உச்சநீதிமன்றம் வெறிநோயுற்றவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடுதல் ஆகாது என்றும், குறித்த இடங்களிலன்றித் தெருவிற் கண்ட இடங்களில் உணவிடலாகாது என்றும் ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும் ஆணை பிறந்தது. இவற்றை எதற்குச் சொல்லுகிறேன் எனில், கோயில் வாசலில் பொங்கலை உண்டுவிட்டு எஞ்சிய தொன்னையை நாய்க்கு எறிந்து செல்லும் அன்பர்கள் மிகப் பலர். பத்து நாய்கள் ஒரு தொன்னைக்குப் போரிடும். அவ்விடத்தில் குழந்தையுடன் ஒரு தாய் வருவாள். உணவிட விரும்புவோர் தம் வீட்டுப்பக்கத்தில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், தட்டில் வைத்து, உண்டபின் இடத்தைத் தூய்மை செய்துவிட்டுச் செல்லட்டும். நாள்தோறும் உணவிடும் நாய்க்குத் தடுப்பூசி போடுவித்தலும் அவர் கடமையே. காதின் ஓரத்தில் சிறு வெட்டடையாளம் இருப்பின் அந்நாய் கருத்தடை செய்யப்பெற்றது என்று அறிக. வீட்டுக்குள் வரவேண்டா என்று எண்ணினால் கதவைச் சாத்துங்கள்; குப்பையை மூடிவையுங்கள்; சிறிது தண்ணீரைத் தரையில் தெளித்தால் நாய் எழுந்து போய்விடும். வெந்நீர் வேண்டியதில்லை.

மயில் வேறு வகை. அது யாருடைய வளர்ப்புயிரும் அன்று. 1963-இல் நாட்டுப் பறவையாக அறிவிக்கப்பெற்றது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் உள்ளது. நஞ்சு கலந்த தானியம் தூவி அதனைக் கொல்வோர்க்கு மூன்றாண்டுக்குக் குறையாத சிறை உண்டு. உழவர் படும் நட்டத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. விதைத்த கடலையை ஒரே காலையில் கிளறிவிட்டுப் போனால் வயிறு எரியத்தான் செய்யும். வலை கட்டலாம், ஒலியெழுப்பி ஓட்டலாம், முளைவரும் வரை காவல் இருக்கலாம், வனத்துறையினரிடம் முறையிடலாம். மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றியோ மானோ குட்டியோடு வந்தால் நாமே அணுகாமல் அத்துறையினரை அழைப்பதே நலம். கிளிக்குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் அதனை எடுத்துக் கூண்டில் வளர்ப்பதும் இரக்கம் ஆகாது. சட்டமும் அதற்கு இடந்தரவில்லை.

கீரைப்பாத்தியைப் பற்றி வினவிய அன்பரைத் தைப்பூசத்தன்று மீண்டும் கண்டேன். பாத்தியைச் சுற்றி இலந்தைமுள் வைத்துவிட்டாராம்; ஆட்டுக்காரரிடமும் பேசிவிட்டாராம்; அவர் இரண்டு கட்டுக் கீரைக்கு விலையாக ஒரு படி பால் கொடுத்தனுப்பினாராம். கன்று மட்டும் இன்னும் அவர் வாசலிலேயே படுக்கிறது. காதில் வில்லை இல்லை. கழுத்தில் சிவப்புக் கயிறு ஒன்று இருக்கிறதாம். நெற்றியில் வெள்ளைச் சுட்டியுடைய செவலைக் கன்றைத் தேடுவோர் எவரேனும் இருப்பின், திருக்கோயில் அலுவலகத்திற் கேட்டால் வீட்டைக் காட்டுவர்.